நாலு கடைக்கு ஒரே சாவி!



ஆண்டு மலர் என்றாலே கவிதை, துணுக்கு, சிரிப்பு என்று புரட்டிக்கொண்டே போகிற உங்களை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கப் போகிறேன். மன்னிக்கவும். விஷயம் நம் வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்டது. அதைவிட, நம்மை நம்பி வேலை கொடுத்தவரின் வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்டது.

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் ஒரு சுற்று வந்து பாருங்கள். ஒரு பக்கம் பருப்பு மண்டி, வெல்ல மண்டி. அடுத்த சந்துக்குள் நுழைந்தால் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஒரே குடும்பத்தில் அண்ணன் மண்டியைப் பார்ப்பார், தம்பி கொலுசைப் பார்ப்பார், மருமகன் ஜவ்வரிசி வியாபாரம் செய்வார். இன்றைக்கு எல்லோருக்கும் இணையதளம் வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தனிப் பெயர், அதாவது தனி டொமைன் வேண்டும். நாலும் தனித்தனி என்றால் செலவு கூடும். அந்த நேரத்தில் நம்மை மாதிரி ஒரு டிப்ளமா பையன் போய் நிற்பான். "ஐயா, ஒரே சி.எம்.எஸ்.ல நாலையும் ஓட்டிரலாம்ங்க!" என்பான். முதலாளிக்கும் சந்தோஷம், பையனுக்கும் சந்தோஷம்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. சி.எம்.எஸ். என்பது உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. கோடு எழுதத் தெரியாதவரும் உள்ளே நுழைந்து விலைப்பட்டியல் மாற்றலாம், படம் ஏற்றலாம். வேர்ட்பிரஸ், டுரூபல், ஜூம்லா எல்லாம் இந்த வகை. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது எந்தப் பெயரைத் தேடி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சி.எம்.எஸ். அந்தப் பெயரைப் பார்த்துக் கொலுசுக் கடையையோ வெல்ல மண்டியையோ எடுத்துக் காட்டும். முன்னால் நாலு வாசல், பின்னால் ஒரே குடோன். அவ்வளவுதான் சங்கதி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வாசலுக்கு ஒரே குடோன் வைப்பது தப்பில்லை. திட்டம் போடாமல் வைப்பதும், வைத்துவிட்டுச் சாவியை யாரிடமும் ஒப்படைக்காமல் போய்விடுவதும்தான் தப்பு. அந்தத் தப்பை நாம் எல்லோருமே செய்கிறோம்.

டெல்லியில் தெரிந்த சீன எழுத்து

2018 ஏப்ரல் 6. நம் நாட்டின் பாதுகாப்பு அமைச்சக இணையதளத்தைத் திறந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கம் வரவில்லை. பிழைச் செய்தியும் அதோடு ஒரு சீன எழுத்தும் நின்றது! கேட்க வேண்டுமா? 'சீனாக்காரன் புகுந்துவிட்டான்' என்று நாடு முழுக்கப் பரபரப்பு. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனே தளம் ஹேக் செய்யப்பட்டதாகவும், நடவடிக்கை தொடங்கிவிட்டதாகவும் ட்விட்டரில் அறிவித்தார். கொஞ்ச நேரத்தில் உள்துறை, சட்டம், தொழிலாளர் என்று சுமார் பத்து அரசுத் தளங்கள் படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அப்புறம் வெளிவந்த விளக்கம் வேறு. ஹேக்கும் இல்லை, சீனாவும் இல்லை. தேசிய தகவல் மையத்தின் சேமிப்புக் கருவியில் கோளாறு. அதனால்தான் பல தளங்கள் ஒன்றாக விழுந்தன என்று தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் குல்ஷன் ராய் சொன்னார். சரி, சீன எழுத்து எங்கிருந்து வந்தது? அந்தத் தளம் டுரூபலில் ஓடியது. டுரூபலுக்கு 'ஜென்' என்று ஒரு தீம் உண்டு. அந்தத் தீமோடு வருகிற லோகோவே 'ஜென்' என்ற அந்த ஒற்றை எழுத்துத்தான். பிழைப் பக்கத்தில் அந்த லோகோவை யாரும் மாற்றவில்லை. எல்லாம் நன்றாக ஓடியவரை அது வெளியே தெரியவில்லை. விழுந்த அன்றைக்குத் தெரிந்தது.

நம் பாடத்துக்கு இதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, அடித்தளத்தைப் பங்குபோட்டுக்கொள்கிற தளங்கள் சேர்ந்தே விழும். இரண்டு, 'யார் பார்க்கப் போறாங்க' என்று விட்ட ஒரு சின்ன லோகோ நாட்டையே கலக்கும். மூன்று, என்ன நடந்தது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த ஜப்பான் எழுத்து

இனி என் சொந்தக் கதை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு வியாபாரக் குடும்பத்துக்கு நானும் என் நண்பனும் இதே மாதிரி நாலு டொமைனை ஒரே வேர்ட்பிரஸில் கட்டிக் கொடுத்தோம். வேலை முடிந்த அன்று முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "ஏந் தம்பி, இனி இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமில்ல?" என்று கேட்டார். "ஒண்ணும் வேண்டாம்ங்க ஐயா, அதுவா ஓடும்!" என்றேன். நான் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

ஆடிப் பண்டிகைக்கு முந்தைய வாரம் போன் வந்தது. "தம்பி, கூகுள்ல நம்ம கொலுசுக் கடைய தேடினா ஏதோ ஜப்பான் எழுத்தா வருது, செருப்பு வெளம்பரம் வருது!" ஓடிப்போய்ப் பார்த்தோம். கொலுசுத் தளம் மட்டுமில்லை; வெல்லம், பருப்பு, ஜவ்வரிசி நாலிலும் நாங்கள் போடாத பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. டெல்லியில் வேற்று எழுத்து தெரிந்தது, ஆனால் ஹேக் இல்லை. இங்கே நிஜமாகவே ஹேக்.

எப்படி நுழைந்தான்? காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு தீமை எங்கிருந்தோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தோம். பூட்டை உடைத்து இலவசமாகத் தருகிறவன் சும்மா தருவானா? உள்ளே பின்வாசல் ஒன்றையும் வைத்துத்தான் தந்திருந்தான். அந்தத் தீம் ஓடியது ஜவ்வரிசித் தளத்தில் மட்டும்தான். ஆனால் குடோன் ஒன்றுதானே? ஒரு வாசலில் நுழைந்தவன் நாலு கடையிலும் கைவைத்துவிட்டான்.

பேக்கப் எடுத்து வைத்திருந்தோம். எங்கே தெரியுமா? அதே சர்வரில்! அதிலும் அவன் கை பட்டிருந்தது. மூன்று நாள் நாலு கடையும் இணையத்தில் சாத்திக் கிடந்தன. வெளியூர்க் கொலுசு ஆர்டர் வேறு கடைக்குப் போனது. முதலாளி திட்டவில்லை. "நீங்க படிச்ச புள்ளைங்கன்னு நம்பினேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏழே மணி நேரம்

'நாங்க திருட்டுத் தீம் போட மாட்டோம்' என்று நீங்கள் சொல்லலாம். நல்லது. ஆனால் நேர்மையான மென்பொருளிலும் ஓட்டை வரும்.

2014 அக்டோபர் 15, புதன்கிழமை. டுரூபல் 7ல் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகவும், அதை அடைக்கும் திருத்தம் தயார் என்றும் டுரூபல் பாதுகாப்புக் குழு அறிவித்தது. உள்நுழையும் பெயரோ பாஸ்வேர்டோ இல்லாமலே எவனும் தகவல்தளத்துக்குள் புகலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. நம் ஊர்க் கணக்கில் அப்போது இரவு ஒன்பதரை மணி இருக்கும். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, அதே குழு இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ஒவ்வொரு டுரூபல் 7 தளமும் பறிபோய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றது! ஏழு மணி நேரம் என்றால் நமக்கு விடிகாலை நாலரை. சேலமே தூங்கி எழுவதற்குள் கதை முடிந்துவிட்டது.

2018 மார்ச் 28ல் டுரூபலில் இன்னொரு பெரிய ஓட்டை. அந்த முறை ஒரு வாரம் முன்னாலேயே 'தயாராக இருங்கள்' என்று சொல்லி வைத்தார்கள். அப்படியும் என்ன ஆயிற்று? ஜூன் மாதம் ஒரு ஆய்வாளர் தேடிப் பார்த்தபோது 1,15,000க்கும் மேற்பட்ட தளங்கள் அடைக்காத ஓட்டையோடு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கட்டியவர்களுக்கு அறிவு இல்லையா? இருந்தது. கட்டி முடித்ததும் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அந்த டுரூபல் 7க்கு 2025 ஜனவரி 5ஓடு ஆதரவே நின்றுவிட்டது. இன்றைக்கும் அதில் ஓடுகிற தளம் என்றால் கதவில்லாத வீடு.

வேர்ட்பிரஸ் 2013ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சின்னத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது. நல்ல வசதி. ஆனால் நாம் ஏற்றிய பிளகின், தீம் எல்லாவற்றுக்கும் அது பொறுப்பல்ல. அவற்றை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: பாகப்பிரிவினை!

நம்மில் எத்தனை பேர் சி.எம்.எஸ்.ஐ நிறுவுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்காருகிறோம்? நேராக 'இன்ஸ்டால்' பட்டனைத்தான் தேடுகிறோம். முதலில் முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் தர்மசங்கடமான கேள்விதான். "ஐயா, நாளைக்கு நீங்க அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா இந்தத் தளத்தையும் பிரிக்க வேண்டி வருமா?"

சிரிக்காதீர்கள். நம் கடைவீதியில் இது நடக்கிற காரியம். வேர்ட்பிரஸில் 2010ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பல தளங்களை ஒரே நிறுவலில் ஓட்டும் வசதி உண்டு. அதில் தகவல்தளம் ஒன்றுதான். ஒவ்வொரு தளத்தின் பதிவுகளும் எண் போட்ட தனி அட்டவணையில் இருக்கும். ஆனால் பயனர் அட்டவணை எல்லோருக்கும் பொது. மேலே ஒரு 'சூப்பர் அட்மின்', அவரிடம் எல்லாச் சாவியும் இருக்கும். தம்பி பிரிந்து போகும்போது அவர் கடையை மட்டும் பிய்த்தெடுப்பது தலைவலி பிடித்த வேலை.

டுரூபலின் வழி வேறு. கோடு பொது, ஆனால் ஒவ்வொரு டொமைனுக்கும் தனி ஃபோல்டர், தனி செட்டிங்ஸ் கோப்பு, தனித் தகவல்தளம் வைக்கலாம். பிரிப்பது சுலபம். ஒவ்வொரு தகவல்தளத்துக்கும் தனிப் பயனர், தனிப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். அதையும் முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். நாலு தளமும் சர்வரில் ஒரே பயனர் பெயரில் ஓடினால், ஒன்றில் புகுந்தவன் மற்ற மூன்றின் செட்டிங்ஸ் கோப்பையும் படித்துவிடுவான். பாஸ்வேர்டு அதில்தானே இருக்கிறது!

ஆகவே என் கணக்கு இது. ஒரே முதலாளி, ஒரே ஆள் பராமரிப்பு, விலைப்பட்டியலும் படமும் மட்டும் காட்டுகிற தளங்கள் என்றால் சேர்த்து ஓட்டலாம். பணம் வாங்குகிற தளம், வாடிக்கையாளர் முகவரி சேகரிக்கிற தளம், நாளைக்குப் பிரிந்து போகக்கூடிய பங்காளியின் தளம் என்றால் தனியாக வையுங்கள். கூடுகிற செலவை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹேக் ஆன பிறகு சொல்கிற நியாயம் கண் கெட்ட பிறகு செய்கிற சூரிய நமஸ்காரம்தான்.

'கவர்மெண்டே சேர்த்துத்தானே ஓட்டுது?'

வைவாவில் கேட்கிற மாதிரி ஒரு நண்பன் என்னை மடக்கினான். "சேலம் மாவட்டத் தளம், நாமக்கல் மாவட்டத் தளம் எல்லாம் ஒரே அமைப்புலதானே ஓடுது? அது மட்டும் சரியா?"

நியாயமான கேள்வி. தேசிய தகவல் மையம் 'எஸ்3வாஸ்' என்ற பெயரில் ஒரு சேவை நடத்துகிறது. மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் அதில் வார்த்தெடுக்கப்படுகின்றன. சேலம் தளத்தையும் நாமக்கல் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள், அண்ணன் தம்பி ஜாடை தெரியும். ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியே ஆள் வைத்துத் தளம் காப்பது நடக்கிற காரியமா? மேலே ஒரே குழு திருத்தம் போட்டால் எல்லா மாவட்டத்துக்கும் சேர்ந்துவிடும். சேர்த்து ஓட்டுவதன் உண்மையான லாபம் இதுதான். நூறு பூட்டைப் பத்து பேர் அரைகுறையாகப் பார்ப்பதைவிட, ஒரு பூட்டை நாலு பேர் ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

ஆனால் அதே பொதுப் பூட்டில் ஒரு தப்பு நேர்ந்தாலும் எல்லோருக்கும்தான். அந்தச் சேவையில் ஒரு அமைப்புப் பிழையால் ஆதார் எண், கொரோனா தடுப்பூசி விவரம் போன்ற தனிமனிதத் தகவல்கள் வெளியே தெரியும்படி கிடந்ததை 2022ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துத் தெரிவித்தார். செய்தி வெளியானது 2024 மார்ச்சில். நம் மாவட்டத் தகவல் கசிந்தது என்று நான் சொல்லவில்லை. பெரிய குழு, பெரிய திட்டம் இருந்தும் ஒரு அமைப்பு தவறினால் இந்தக் கதி. ரெண்டு பையன்கள் ஒரு வாரத்தில் கட்டியதற்கு என்ன கதி என்று யோசியுங்கள்!

வெள்ளைத்தாளில் எழுத வேண்டியது

நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை வரிசையாகத் தருகிறேன். ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டாலும் சரி.

டொமைன் யார் பெயரில்? முதலாளியின் பெயரில், முதலாளியின் மின்னஞ்சலில், முதலாளியின் போன் நம்பரில் இருக்க வேண்டும். நம் மின்னஞ்சலில் பதிந்துவிட்டு நாம் ஓசூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வருகிற கடிதத்தை யார் பார்ப்பது? பெயர் கை நழுவினால் கடை இருந்தும் வழி இல்லை. நாலு பெயரின் கெடு தேதியையும் கடைக் காலண்டரிலேயே குறித்துக் கொடுங்கள்.

சான்றிதழ். எச்.டி.டி.பி.எஸ். பூட்டு நாலு பெயருக்கும் வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழ் ஒரே டொமைனின் கிளைகளுக்குத்தான் செல்லும், வேறு டொமைனுக்குச் செல்லாது. நாலு பெயரையும் ஒரே சான்றிதழில் எழுதலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்ட லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இதை இலவசமாகவே தருகிறது. குறுகிய காலச் சான்றிதழ் என்பதால் தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெயர் சரிபார்ப்பு. எவனோ ஒருவன் தன் டொமைனை நம் சர்வருக்குத் திருப்பிவிட்டால் நம் சி.எம்.எஸ். 'வாங்க வாங்க' என்று பதில் சொல்லக் கூடாது. சொன்னால், பாஸ்வேர்டு மாற்றும் கடிதத்தில் அவன் பெயரிலேயே இணைப்பு போகிற ஆபத்து உண்டு. எந்தெந்தப் பெயருக்கு மட்டும் பதில் என்று டுரூபலில் பட்டியல் கொடுக்கலாம். கொடுங்கள்.

ஆளுக்கொரு கணக்கு. கடையில் எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் நுழைந்தால் யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது. விலை மாற்றுகிற பையனுக்கு விலை மாற்றுகிற உரிமை போதும். சூப்பர் அட்மின் ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர். இருவருக்கும் போனில் வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம்.

படம் ஏற்றும் ஃபோல்டர். அங்கே படம் மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து பி.எச்.பி. நிரல் ஓடாதபடி சர்வரில் தடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் திருடன் ஒளிந்திருந்தது அங்கேதான்.

பேக்கப். அதே சர்வரில் வைப்பது பேக்கப் இல்லை. ஒரு பிரதி வேறு இடத்தில், ஒரு பிரதி இணையத்தோடு சேராத ஹார்டு டிஸ்கில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை வைத்துத் தளத்தைத் திரும்ப எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப், விலைக்கு வாங்கி மூடியே திறக்காத பெட்டி.

பதிவேடு. 2022 ஏப்ரல் 28ல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் இணையத் தாக்குதலைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று இருக்கிறது. அது உச்சவரம்புதான், பயப்பட வேண்டாம். ஆனால் 'பேர், போன் நம்பர் கொடுங்க' என்று ஒரு படிவம் வைப்பதற்கு முன்னால், அது நிஜமாகவே வேண்டுமா என்று கேளுங்கள். வாங்காத தகவல் திருடு போகாது.

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

"முதலாளி பராமரிப்புக்குக் காசு தர மாட்டாரே?" என்பீர்கள். தராசுக்குக் காலாகாலத்தில் முத்திரை வைக்கிற வியாபாரிக்கு இதைப் புரியவைக்க முடியாதா? முத்திரை தீர்ந்த தராசில் நிறுத்தால் வழக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். தளத்துக்கும் அப்படித்தான் என்று சொல்ல வேண்டியவர்கள் நாம். முதல் பில்லிலேயே வருஷப் பராமரிப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கு ஒப்பவில்லை என்றால் நாலு டொமைன் வேண்டாம், ஒரே டொமைனில் சாதாரணப் பக்கங்களாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, நம் பிராஜெக்ட். திரையில் படம் ஓடினால் மார்க். யார் திருத்தம் போடுவது, பேக்கப் எங்கே, சாவி யாரிடம் என்று எந்த வைவாவிலும் என்னை யாரும் கேட்டதில்லை. ஆசிரியப் பெருமக்களைக் குறை சொல்லவில்லை. பிராஜெக்ட் அறிக்கையில் 'காவல் பக்கம்' என்று ஒரே ஒரு பக்கம் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, சங்கத்துக்கு. நாம் மூன்று வருஷத்தில் போய்விடுவோம். நாம் கட்டிய தளம் போகாது. சீனியர் போகும்போது தன் தளங்களின் பட்டியலை முதலாளியின் சம்மதத்தோடு ஒரு ஜூனியரிடம் ஒப்படைக்கட்டும். டுரூபலின் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமாகப் புதன்கிழமை வருகின்றன; நம் நேரத்துக்கு அது புதன் இரவு. வாரா வாரம் புதன் இரவு ரெண்டு பேர், முறை வைத்து, பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். வேர்ட்பிரஸ் பிளகின்களையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலை. நம் பேட்டையின் பெயரில் செவ்வாய் இருக்கிறது. நம் வேலையில் புதன் இருக்கட்டும்!

அந்த முதலாளியிடம் நாங்கள் மறுபடி போனோம். கொலுசுத் தளத்தைத் தனியாகப் பிரித்து, மற்ற மூன்றையும் சுத்தமாகக் கட்டி, நாலு டொமைனையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தோம். காசு வாங்கவில்லை. கிளம்பும்போது அதே கேள்வியைக் கேட்டார்: "இனி ஒண்ணும் பண்ண வேண்டாமில்ல தம்பி?"

"பண்ணோணும்ங்க ஐயா, வாரா வாரம் பண்ணோணும். நாங்க வர்றோம். நாங்க போனப்புறம் இந்தத் தம்பி வருவான்" என்று கூட வந்த இரண்டாம் ஆண்டுப் பையனைக் காட்டினேன்.

அவர் அவனுக்கும் ஒரு டீ சொன்னார்.

சிந்திப்போம், செயல்படுவோம்!

— இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு